கேமரன் மலை ஏற நேரமில்லை, தோட்டத்துச் சடக்கிலேயே (சாலையிலேயே) படம் எடுத்தால் போதுமா?

சிப்புட்காரி

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதுவது குறைவு. வீடு சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டின தாமான் (வீடமைப்புப் பகுதி). வேலை ஈப்போவில், மதிய ஷிப்ட். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எங்கேயும் நகர முடிவதில்லை. காலையில் ஏழு முதல் எட்டு வரை அண்ணி வந்து அவரோடு இருப்பார், அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று கிடைப்பது. படிக்கிற காலத்தில் வாங்கின கேனன் கேமரா ஒன்று, கூடவே வந்த 18-55 லென்ஸோடு அலமாரியில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

சிக்கல் என்னவென்றால், மனசு கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் போகிறேன், திரும்பும்போது எரிச்சலோடு வருகிறேன். கூட்டாளிகள் முகநூலில் கேமரன் மலைத் தேயிலை, செக்கிஞ்சான் வயல் என்று போடுகிறார்கள். என்னைச் சுற்றி இருப்பது எண்ணெய் எடுக்கிற செம்பனை, அதை விட்டால் செம்பனை, கொஞ்சம் மிச்சமிருக்கிற பால்மரம் (ரப்பர்), ஒரு முனீஸ்வரர் கோயில், ஓடை, கிழக்கே தித்திவங்சா மலை. இதில் என்ன எடுப்பது? பக்கத்திலேயே எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கிராணி மகன்

தங்கச்சி, ஏழு முதல் எட்டு என்றால் லாட்டரி அடித்த மாதிரி. நம் மலேசியாவில் வெளிச்சம் வரும் நேரமே அதுதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி சபா சரவாக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், அதனால் இங்கே சூரியன் ஏழுக்குப் பிறகுதான் எழுந்திருக்கிறது, பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். உங்கள் ஊரில் மலை வேறு மறைப்பதால் இன்னும் கொஞ்சம் தாமதம். வெள்ளைக்காரர் எழுதுகிற புத்தகத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரு என்று இருக்கும், அதை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, ஏறக்குறைய நேராக மேலே போகும். மணிக்கு 15 பாகை. அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றால் பெரிசு, எட்டேகாலுக்குக் கண் கூசும். ஆகையால் நடந்துகொண்டே தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும். முதல் நாளே இடத்தை முடிவு செய்துவிட்டுப் போய் நில்லுங்கள்.

பனிமூட்டம் எப்போது வரும் என்றும் ஓரளவு கணிக்கலாம். முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை, அப்புறம் இரவில் வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிந்து, காற்று அசையாமல் இருந்தால், காலையில் பள்ளமான இடத்தில் மூட்டம் தங்கும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் மழை அடிக்கடி வருவதால் அப்போது வாய்ப்பு அதிகம். மூட்டத்தை எடுக்கும்போது கேமரா அதைப் பார்த்துப் பயந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

லென்ஸ்பூஞ்சை

செம்பனையில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், நடவைப் பார்ப்பதில்லை. செம்பனையை முக்கோணமாக நடுவார்கள், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர், ஹெக்டருக்கு 140 மரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். முக்கோணம் என்பதால் ஒரே இடத்தில் நின்று மெதுவாகத் திரும்பினால் மூன்று திசையில் மர நிரை திறக்கும், நடுவில் எல்லாம் குழம்பிக் கிடக்கும். சரியான இடத்தில் நின்றால் தூண் வரிசை நேராக உள்ளே போகும். ஓர் அடி தள்ளி நின்றால் அது காடு. கொஞ்சம் வயதான காடாகப் பாருங்கள், அடிமரம் பூரா பெரணி முளைத்து, மேலே மட்டை இரண்டு பக்கமும் சேர்ந்து கூரை போட்டிருக்கும். வெளிச்சம் ஓட்டை ஓட்டையாக விழுகிற நேரம் எடுத்தால் சும்மா அள்ளும்.

மழைக்குப் பிறகு மட்டை பளபளவென்று வெள்ளையடிக்கும். அதைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். உங்கள் லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர்தான் வரும் என்று நினைக்கிறேன், லென்ஸ் முகப்பில் எண் அச்சடித்திருப்பார்கள், பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைத் திருப்பிப் பார்த்து, பளபளப்பு குறைகிற இடத்தில் நிறுத்துங்கள்.

அப்புறம், இடம் போதவில்லை என்று யார் அழுதாலும் நான் சொல்கிற ஆள் யோசெஃப் சுடெக். பிராக் நகரத்துப் படப்பிடிப்பாளர். முதல் உலகப் போரில் வலது கை போய்விட்டது. அடுத்த போரில் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்ததும் தெருவில் கேமராவோடு நடமாட முடியவில்லை. மனிதர் 1940இல் தன் ஸ்டூடியோ ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் நீர்த்துளி, பனி, வெளியே தோட்டத்தில் ஒரு கோணல் மரம். 1954 வரை அதே ஜன்னல். உங்களுக்காவது ஒரு தோட்டமே இருக்கிறது.

கட்டிப்பால்

நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த அமைதி, அழகு என்கிற பேச்சு எனக்கு ஒட்டவே இல்லை. எங்கம்மா இருபது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டினவர். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார், ஏனென்றால் வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்தத் தங்க வெளிச்சத்தில் அவருக்குப் பாதி வேலை முடிந்து முதுகு ஒடிந்திருக்கும்.

வருசத் தொடக்கத்தில் கித்தா மரம், அதாவது பால்மரம், இலையுதிர்க்கும்போது சிவப்பும் ஆரஞ்சுமாக ஐரோப்பா மாதிரி இருக்கிறது என்று படம் போடுகிறார்கள். அது உங்களுக்கு அழகு. எங்கள் வீட்டுக்கு அது பால் குறைகிற மாதம், கடைக்காரரிடம் கணக்கு ஏறுகிற மாதம். மழை மூட்டமும் அப்படித்தான், மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. வலையில் சுங்கை சிப்புட் என்று தேடினால் 1948இல் கம்யூனிஸ்டுகள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டது வரும், அதையொட்டி அறிவித்த அவசரகாலம் வரும். அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்கள் வருவதில்லை. இப்போது அங்கே அமைதி தேடுகிறோம் என்றால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சிப்புட்காரி

கட்டிப்பால் அண்ணே, கோபமெல்லாம் இல்லை. என் பாட்டியும் வெட்டினவர்தான், அப்பா ரப்பர் பால் லோரி ஓட்டினவர். நான் தோட்டத்தில் பிறக்கவில்லை, தாமானில் பிறந்தேன், அதனால் எனக்கு அது தூரமாகத் தெரிகிறதோ என்னவோ. ஆனாலும் எனக்குப் போக வேறு இடம் கிடையாது, இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்காமல் இருந்துவிட்டால் மட்டும் பாட்டிக்கு நியாயம் கிடைத்துவிடுமா?

பத்துமைல்

நான் கெடா பக்கம், கோலா கெட்டில். கட்டிப்பால் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. என் அம்மாவும் பால்மரம் வெட்டினவர்தான், இப்போது எழுபதைத் தாண்டியாச்சு. நான் படம் எடுக்கப் போகும்போது தானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொள்வார்.

ஒரு தடவை ஒரு மரத்தை நெருங்கி எடுத்தேன், பட்டையை மட்டும். பக்கவாட்டில் வெயில் விழுந்ததால் வெட்டின கோடு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மேலே இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து வருகிற கோடு, அதில் காய்ந்துபோன பால் ஒரு நூலாக ஒட்டியிருக்கிறது, கோடு முடிகிற இடத்தில் தகடு, அதற்குக் கீழே கம்பி வளையத்தில் பால் பிடிக்கிற மங்குக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள் மழைத்தண்ணீர் நிற்காமல். எனக்கு அது நல்ல கோடுகள் உள்ள ஒரு படம், அவ்வளவுதான். அம்மா கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "இவன் புது ஆள், கத்தியை ஆழமா விட்டிருக்கான்" என்றார். காட்டின இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. கத்தி உள்மரத்தைத் தொட்டால் அங்கே காயம் பட்டு, புதுப்பட்டை மேடு பள்ளமாக வளருமாம், அடுத்த சுற்றில் அதன் மேல் கத்தி ஓடாதாம். கோடு ஏன் இடமிருந்து வலமாகச் சரிகிறது என்றும் கேட்டேன், பட்டைக்குள் பால் குழாய் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது, அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், அதுதான் காரணம்.

அவருக்கு அந்தக் காடு கஷ்டம் மட்டும் இல்லை. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண் அது. நாம் வேடிக்கை பார்க்கிறவர்களாகப் போவதால்தான் கட்டிப்பாலுக்கு எரிகிறது, எனக்கும் சில சமயம் எரியும். வேலைக்காரர் பார்த்த மாதிரி பார்க்கப் பழகினால் அந்தச் சண்டை தானாகக் குறைகிறது.

சிப்புட்காரிக்கும் அதையேதான் சொல்வேன். படம் கிடைக்க வேண்டும் என்று போகாதீர்கள், கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள். இன்றைக்கு இலை எவ்வளவு கொட்டியிருக்கிறது, ஓடையில் தண்ணீர் நேற்றைவிட ஏறினதா இறங்கினதா, சூரியன் மலையில் எந்த மேட்டுக்குப் பின்னால் வந்தது. இந்தக் கடைசி விஷயம் நல்ல வேலை. டிசம்பரில் கிழக்கிலிருந்து தெற்கே 23 பாகை தள்ளி உதிக்கும், ஜூனில் வடக்கே அதே அளவு தள்ளி வரும். ஒரே இடத்தில் நின்று வருசம் பூரா எடுத்தால் சூரியன் மலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போவது தெரியும். படம் நன்றாக வராத நாளிலும் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வரலாம், எரிச்சல் வராது.

கட்டிப்பால்

பத்துமைல் சொன்ன முடிச்சு விஷயம் உண்மை. எங்கம்மா மேற்பார்வை மண்டோரிடம் ஏச்சு வாங்கினதே அதற்குத்தான், அந்தக் காயத்துக்கு.

சரி, படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கிறவர்கள் மலையையும் மூட்டத்தையும் மட்டும் எடுத்து, மனுசன் வாழ்ந்த அடையாளத்தை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள், அதுதான் என் வருத்தம். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டு செம்பனை வைத்துவிட்டார்கள். ஆனால் நிரைக்கு நடுவில் பழைய தண்ணீர்க் குழாய் மேடை ஒன்று சிமெண்டோடு அப்படியே நிற்கிறது, பக்கத்தில் ஒரு முருங்கை மரம், யாரோ வீட்டு வாசலில் வைத்தது. செம்பனைக் காட்டுக்குள் முருங்கை, பப்பாளி, மா என்று எதையாவது பார்த்தால் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம். அதை எடுங்கள். அதுவும் நிலக்காட்சிதான்.

லென்ஸ்பூஞ்சை

யோவ், இந்த முருங்கை யோசனைக்காகவே உங்களுக்கு ஒரு தே தாரே டீ கடன்.

கிராணி மகன்

அருமையான பேச்சு, நடுவில் வந்து நான் பாதுகாப்பு பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் தனியார் நிலம். பொதுச் சடக்கைத் தாண்டி உள்ளே போவதென்றால் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள், பழத் திருட்டு நடப்பதால் யாரைப் பார்த்தாலும் பாதுகாவலருக்குச் சந்தேகம் வரும். வெட்டின மட்டையை நிரைக்கு இடையில் அடுக்கி வைத்திருப்பார்கள், அது எலி குடியிருக்கிற இடம், எலி இருந்தால் நாகம் இருக்கும். அதன் மேல் ஏறி நின்று கோணம் பார்க்காதீர்கள். முழங்கால் உயர ரப்பர் காலணி போடுங்கள். எலி பிடிக்க ஆந்தைக் கூடு கம்பத்தில் வைத்திருப்பார்கள், கூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

இன்னொன்று, இப்போது பழம் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத்துக்காரர்கள். கேட்காமல் முகத்தை எடுக்காதீர்கள். சில பேருக்குக் குடிநுழைவுப் பத்திரச் சிக்கல் இருக்கும், கேமராவைப் பார்த்தாலே வயிறு கலங்கும். நம் பாட்டன் பூட்டனை வெள்ளைக்காரன் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தான், அதே வேலையை நாம் செய்யக் கூடாது.

சிப்புட்காரி

எல்லாருக்கும் நன்றி. பத்துமைல் சொன்னபடி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஓடை மேல் சின்ன சிமெண்ட் பாலம், அங்கிருந்து பார்த்தால் பால்மரம் ஒரு பக்கம், செம்பனை ஒரு பக்கம், நடுவில் மலை. முக்காலியை வைக்கிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறேன், கேமராவில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ராவ் கோப்பு. போய் நிற்கிறேன், சூரியன் எங்கே வருகிறது என்று பார்க்கிறேன், எடுக்கிறேன், வருகிறேன். சில நாள் மேகம் மூடி ஒன்றுமே தெரியாது, அதையும் எடுத்துவிடுகிறேன். மனசு அடங்குகிறதா என்று கேட்டால், அங்கே நிற்கும்போது அப்பாவின் மருந்து, பில், சூப்பர்வைசர் எதுவும் ஞாபகம் வருவதில்லை. அதற்குப் பேர் அமைதியா என்று தெரியாது, எனக்கு அது போதும்.

எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் இடது கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. நான் நிற்கிற இடம் சரியில்லையாம். பழைய பால் ஸ்டோர் இருந்த மேட்டிலிருந்து பார்த்தால்தான் மலை முழுசாகத் தெரியுமாம், லோரியை அங்கே நிறுத்திவிட்டுத்தான் வெற்றிலை போடுவாராம். அரை மணி நேரம் என்னோடு சண்டை. பக்கவாதம் வந்த பிறகு அவர் இவ்வளவு நேரம் பேச முயற்சி செய்து நான் பார்க்கவில்லை.

இப்போது கேள்வி: அந்த மேடு பால்மரம் சூழ்ந்து கிடக்கிறது, மலை தெரியவில்லை. வேறு வழி இருக்கிறதா? கேமராவில் ஏதோ புகை படிந்த மாதிரி ஒரு மங்கலும் வருகிறது, அது என்ன?

லென்ஸ்பூஞ்சை

மங்கலுக்கு நான் பதில் சொல்கிறேன், பேரே அதுதானே. அறையில் ஏர்கான் போட்டுத் தூங்குவீர்கள், கேமராவும் அதே அறையில் இருக்கும், காலையில் வெளியே கொண்டுபோனதும் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். துடைத்தால் மறுபடி படியும். ராத்திரியே கேமராவைப் பையோடு கூடத்தில் வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

அப்படி வைத்தும் மங்கல் போகவில்லை என்றால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்பத்திலேயே என்றால் கடையில் சுத்தம் செய்து கொடுப்பார்கள், ஆனால் கேமராவோடு வருகிற கிட் லென்ஸுக்கு அந்தக் கூலியே கூடுதல், பழையது ஒன்று வாங்கிவிடலாம். இனிமேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு உள்ளே வையுங்கள், சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்கிப் போட்டு 40க்கும் 50க்கும் நடுவில் வைத்திருங்கள். ரொம்பக் காய்ந்தாலும் ரப்பர் பிடி உரியும்.

பத்துமைல்

கையில் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது மிச்சமிருந்தால் கராய் விக்டோரியா பாலத்துக்கும் போய்வாருங்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். பேராக் ஆற்றின் மேல் 1900இல் திறந்த இரயில் பாலம். இரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது, பழைய பாலத்தில் நடந்தே போகலாம். அப்படியே கோலாகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் மிஞ்சின ஒன்று நிற்கிறது, நம் கதை எல்லாம் தொடங்கின மரம். கட்டிப்பால் அண்ணன் அதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

கட்டிப்பால்

பார்த்திருக்கிறேன். வேலியெல்லாம் போட்டு நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். வெட்டினவர்களுக்குத்தான் வேலி இல்லை, வீடும் இல்லை.

சிப்புட்காரி, அப்பா சொன்ன மேட்டை விடாதீர்கள்.

கிராணி மகன்

மேடு விஷயம். அந்தப் பக்கத்துப் பால்மரம் வயசாகிவிட்டது, சாய்த்துவிட்டு மறுநடவு செய்யப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மரத்தைத் தள்ளி, கட்டையை நாற்காலி மேசை செய்கிற ஆலைக்கு ஏற்றிவிடுவார்கள். சாய்த்த பிறகு மண் வெறுமையாகக் கிடக்கும், அப்போது மேட்டிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் திறந்து கிடக்கும், உங்கள் அப்பா பார்த்ததை விடவும் கூடத் தெரியலாம். ஆனால் அந்த மண்ணை மூடுவதற்கு முக்கூனா கொடி போட்டுவிடுவார்கள், அது படுவேகமாகப் படரும், அப்புறம் கால் வைக்க முடியாது. இப்போதே ஒரு தடவை மரத்தோடு எடுத்து வையுங்கள், சாய்த்ததும் ஒன்று எடுங்கள்.

சிப்புட்காரி

சரி அண்ணே, புதன்கிழமை போய்ப் பார்க்கிறேன். வாசலில் பாதுகாவலர் கேட்டால் உங்கள் பேரைச் சொல்லட்டுமா?

கிராணி மகன்

ஐயோ, என் பேரைச் சொல்லித் தொலைக்காதீர்கள், எனக்கும் அவருக்கும் கோயில் திருவிழாக் கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அலுவலகத்தில் போய் அப்பா பேரைச் சொல்லுங்கள், பால் லோரி ஓட்டினவர் மகள் என்றால் பழைய ஆட்கள் யாராவது இருப்பார்கள். ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் காட்டினால் போதும்.